கடைசியாக மூட வேண்டிய கதவு: கண்டி மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கண்டி மாநகர முதல்வர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கொவிட் பெருந்தொற்றினால் 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதையும், அது தளர்ந்தும் இறுகியும் தொடர்ந்து, 2021 ஒகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மீண்டும் முடக்கப்பட்டதையும் உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்தைப் பற்றி வைத்தியசாலைக் கட்டில்கள், ஒட்சிசன், தடுப்பூசி, ஐயாயிரம் ரூபா நிவாரணம் என்று நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வீட்டைவிட்டு வெளியேறிய அந்த நாட்களில், கடைக்கும் மருந்தகத்துக்கும் போவதற்கு இருந்த அனுமதி ஒரு மரத்தடிக்குப் போய் நிற்பதற்கு இருக்கவில்லை என்பதை எவரும் ஒரு குறையாக எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இன்னொரு பெருந்தொற்று வருமானால், இந்நகரின் நடுவிலும் விளிம்பிலும் நிற்கும் காடுகள் அத்தியாவசிய சேவைகளின் பட்டியலில் மருந்தகத்துக்குப் பக்கத்தில் இடம்பெற வேண்டும். தக்க ஒழுங்குவிதிகளுடன் அவை திறந்திருக்க வேண்டும். அந்த ஒழுங்குவிதிகள் நோய் வந்த பிறகு அவசரத்தில் எழுதப்படாமல் இப்போதே எழுதப்பட வேண்டும். காட்டுக்கு நடந்து போக முடியாத நெரிசலான குடியிருப்புகளுக்கு அருகில் சிறு காடுகளை வளர்க்கும் வேலையும் இப்போதே தொடங்கப்பட வேண்டும். ஏனென்றால் மருந்தைக் கப்பலில் இறக்கலாம், இருபது வயது மரத்தை இறக்க முடியாது.

காடு என்ற விடயத்தில் கண்டி ஏழை நகரம் அல்ல. தலதா மாளிகைக்குப் பின்னாலேயே எழும் உடவத்தகெலே ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்புடையது. மன்னராட்சிக் காலத்தில் அது அரச குடும்பத்துக்குரிய தோட்டமாக இருந்தது. குடிமக்கள் அதனுள் நுழையத் தடை இருந்தது. ஆங்கிலேயர் 1856இல் அதனை ஒதுக்கக் காடாக அறிவித்தார்கள். 1938இல் அது சரணாலயமானது. ஆளுநர் ஹோர்ட்டனின் துணைவியார் பெயரில் இன்றும் விளங்கும் நடைபாதை அதனுள்ளேதான் சுற்றி வருகிறது. தெற்கே ஹந்தானை மலைத்தொடர். அது 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கு மேலாக, வேறெந்தத் திணைக்களத்தின் கையையும் எதிர்பாராமல் உங்கள் சபையே பராமரிக்கும் துனுமடலாவக் காடு இருக்கிறது. பரப்பில் அது உடவத்தகெலேயைப் போல நான்கு மடங்குக்கும் மேல். நகர சபையொன்றுக்குச் சொந்தப் பொறுப்பில் இத்தனை பெரிய காடு வாய்ப்பது அரிது. அந்த வாய்ப்பை நாம் ஒரு நீர்வழங்கல் ஏற்பாடாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

துனுமடலாவையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஏனென்றால் சிறு காடுகளை வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது. அது ஆதிகாலக் காடு அல்ல. கோப்பியும் கொக்கோவும் தேயிலையும் பயிரிடப்பட்டுப் பின்பு கைவிடப்பட்ட தோட்டம் அது. நீரேந்து பகுதியைக் காக்க வேண்டும் என்பதற்காக மனிதர் அதிலிருந்து விலகிக்கொண்டார்கள். மிச்சத்தை மழையும் பறவைகளும் பார்த்துக்கொண்டன. இன்று அதனுள் நடப்பவர், நிழலில் மெலிந்து வெளிச்சத்தைத் தேடி நீண்டுபோன கோப்பிச் செடிகளையும், தண்டிலேயே காய்த்து அணில் கடித்த ஓட்டைகளோடு தொங்கும் கொக்கோக் காய்களையும், தலைமுறைகளாகக் கவ்வாத்துக் கத்தி படாததால் ஆள் உயரத்தைத் தாண்டி மரமாகிப்போன தேயிலையையும் காணலாம். வரிசையாகக் கல் அடுக்கிய பழைய கான்கள் இலைச்சருகின் கீழ் இன்னும் தடம் காட்டுகின்றன. அந்தக் கான்களை வெட்டியவர்கள், தோட்டத் தொழிலாளராகக் கடல் கடந்து வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மாராக இருக்கலாம். காடழித்துத் தோட்டமாக்கிய மலை ஒன்று, விட்டுவைத்தால் மறுபடியும் காடாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கொவிட் காலத்தில் எல்லோரும் எங்களுக்குச் சொன்ன முதற் பாடம் கைகளைக் கழுவுங்கள் என்பதுதான். அப்படிக் கழுவிய நீரில் ஒரு பங்கு, அந்தக் காட்டினுள் இருக்கும் இரண்டு நீர்த்தேக்கங்களிலிருந்து வந்தது.

நோய்க்காலத்தில் காட்டைத் திறந்து வைத்த நகரங்களில் என்ன நடந்தது என்பதற்கு அளவெடுத்த சான்றுகள் உள்ளன. நோர்வேயின் ஒஸ்லோ நகரில், பாடசாலைகளும் உடற்பயிற்சிக் கூடங்களும் மூடப்பட்ட 2020 வசந்த காலத்தில், வெளிப்புறங்களில் நடப்போரும் ஓடுவோரும் சைக்கிள் மிதிப்போரும் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியைவிட 291 சதவீதம் கூடினார்கள் என்று கைபேசிச் செயலித் தரவுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஜெர்மனியின் பொன் நகரை ஒட்டிய கொட்டன்போர்ஸ்ட் காட்டில் வருகையாளர் தொகை இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. காடு என்பது வீதியையும் மின்சாரத்தையும் போல இன்றியமையாத உட்கட்டமைப்பு என்றே அந்த ஆய்வை எழுதியவர்கள் முடிவு செய்தார்கள். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் பேர்லிங்டன் நகரைச் சூழ்ந்த காடுகளுக்கு வந்தவர்களைக் கேட்டபோது, பத்தில் ஏழு பேரளவில் தாங்கள் முன்னரைவிட அடிக்கடி வருவதாகச் சொன்னார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று: வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், அதற்கு முன்னர் அந்த இடங்களுக்கு ஒருபோதும் வராதவர் அல்லது மிக அரிதாகவே வந்தவர். அதாவது, வழக்கமாக நடைப்பயிற்சி செய்யும் கூட்டம் மட்டும் பெருகவில்லை. காட்டை எட்டியும் பாராதவர்களுக்கும் அந்த ஆண்டில் அது தேவைப்பட்டது.

அந்த நகரங்களின் வளமும் குளிர்ந்த நிலமும் வேறு, எங்கள் நிலைமை வேறு என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நுரையீரல் எங்கும் ஒன்றுதான். 2020இல் நாம் கதவுப் பிடிகளையும் காசுத் தாள்களையும் துடைத்துக்கொண்டிருந்தோம். அந்த வைரஸ் முக்கியமாக மூடிய அறைகளின் தேங்கிய காற்றிலேயே பரவுகிறது என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. கூரையில்லாத வெளியில் தொற்றும் வாய்ப்பு அறைக்குள் இருப்பதைவிடப் பன்மடங்கு குறைவு. அப்படியிருக்க, ஆட்களை அறைக்குள் அனுப்பி வெளியைப் பூட்டியது, முதல் சில வாரங்களின் அறியாமையில் மன்னிக்கத்தக்கது. அறிந்த பிறகு அதையே மீண்டும் செய்வது மன்னிக்கத்தக்கதல்ல.

மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலையில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டார். யன்னல் வழியே மரங்கள் தெரிந்த கட்டில்களில் படுத்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடும் வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்திய ஆய்வொன்று, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கை வெளியில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. இத்தகைய ஆய்வுகளில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதன்று. நலமாக இருப்பவர்தாம் நடக்கப் போகிறார் என்றும் வாதிடலாம். ஆனால் நாற்பது நாட்கள் ஒரே அறையில் அடைபட்டிருந்த எவரும் அந்த வாதத்தில் நெடுநேரம் நிற்கமாட்டார்.

கண்டிக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு. இந்நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. வாகனப் புகை எளிதில் வெளியேறுவதில்லை. கண்டியின் காற்று மாசைப் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தினர் நெடுங்காலமாகவே எச்சரித்து வருகிறார்கள். நுரையீரலைத் தாக்கும் நோயொன்று வரும் நாளில், ஏற்கனவே புகையால் களைத்துப்போன நுரையீரலோடு அதை எதிர்கொள்ளப் போகிறவர்கள் நாங்கள். மரங்கள் புகை முழுவதையும் குடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். வாகனங்களைக் குறைக்காமல் காற்று தூய்மையாகாது. இருந்தாலும், பஸ் நிலையத்தின் இரைச்சலிலிருந்து உடவத்தகெலே நடைபாதைக்கு ஏறிய பத்து நிமிடத்தில் மூச்சு மாறுவதை, ஏறிப் பார்த்தவர் எவரும் அறிவார்.

இனி, இம்மடலின் மையத்துக்கு வருகிறேன். ஊரடங்கு எல்லோருக்கும் ஒரேமாதிரி அமையவில்லை. ஏரியைப் பார்த்த மேடுகளில் தோட்டத்தோடு கூடிய வீடு உடையவர்களுக்கு அது ஒரு நீண்ட விடுமுறையாகக்கூட இருந்திருக்கலாம்; மாமரத்தின் கீழ் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்துப் பத்திரிகை படித்தவர்களை நான் அறிவேன். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மஹியாவவை நினைத்துப் பாருங்கள். இந்நகரின் வீதிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிப் பெருக்கிய குடும்பங்கள் அங்கே சுவரோடு சுவராக வாழ்கின்றன. ஒரு வீட்டின் அடுப்புப் புகை அடுத்த வீட்டின் படுக்கையில் படியும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி வழிவிட வேண்டிய ஒழுங்கைகள். அங்கே ஒரு வீட்டின் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டால், உள்ளே இருக்கும் ஆறேழு பேரும் ஒரு துணித்திரையை நடுவில் கட்டிக்கொண்டு அதைத் தனிமை என்று நம்ப வேண்டும். வாசற்படியே முற்றம், அதுவே காற்று வாங்கும் இடம். அந்தப் படியில் முதலில் பாட்டி, பிறகு பிள்ளைகள், பிறகு வேலைக்குப் போய் வந்தவர் என்று முறைவைத்து உட்கார்ந்த வீடுகள் இருந்தன. அப்பகுதியில் மரமும் புல்லும் கொண்ட பெரிய திறந்த வெளி என்று சொல்லத்தக்கது பொது மயானம்தான். உயிரோடு இருப்பவர்களுக்கு அவ்வளவு இடம் ஒதுக்க எவருக்கும் தோன்றவில்லை என்று அங்குள்ள பெரியவர்கள் நகைச்சுவையாகச் சொல்வார்கள். கேட்பவருக்குத்தான் சிரிப்பு வராது.

அதே குடும்பங்களிலிருந்துதான், ஊரே கதவடைத்திருந்த நாட்களில், விடியுமுன் எழுந்து வந்து இந்நகரின் குப்பையை அள்ளிச் சென்றார்கள். பூட்டிய கடைகளின் முன்னே வெறிச்சோடிய தெருவைப் பெருக்கினார்கள். உங்கள் சபையின் ஊழியர்கள் அவர்கள். தொற்றுக்கு மிக அருகில் நின்று வேலை செய்தவர்களே, வேலை முடிந்து காற்றோட்டம் மிகக் குறைந்த வீடுகளுக்குத் திரும்பினார்கள். உடவத்தகெலே அங்கிருந்து தொலைவில் இல்லை. கூரைகளுக்கு மேலே தலைதூக்கிப் பார்த்தாலே அதன் பச்சை தெரியும் இடங்கள் உண்டு. கண்ணுக்கு எட்டியும் காலுக்கு எட்டாத காடாக அது இருந்தது.

நகர எல்லைக்கு வெளியே, தோட்டங்களிலும் கதை இதேதான். தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் 10 அடிக்கு 12 அடி லயன் அறையில் தனிமைப்படுத்தல் என்றால் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. சுற்றிலும் பச்சை இருக்கிறதே என்று வெளியூரார் சொல்வதுண்டு. ஆனால் தேயிலை மலை வேலை செய்யும் இடம், அங்கே நிழலில் உட்கார்ந்து இளைப்பாறும் உரிமை கொழுந்து எடுப்பவருக்கு இருந்ததில்லை. தனிமைப்படுத்தல் எங்கள் மக்களுக்குப் புதிய சொல்லும் அல்ல. கடல் கடந்து வரும் தொழிலாளர் கொலராவையும் அம்மையையும் கொண்டுவருவார்கள் என்ற அச்சத்தில், தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் அவர்களை நாட்கணக்கில் நிறுத்தி வைத்துப் பார்த்த பிறகே இலங்கைக்குள் விட்டார்கள். எந்தத் தொற்றிலும் முதலில் அடைத்து வைக்கப்படுபவர்களும் கடைசியாக வெளியே விடப்படுபவர்களும் யார் என்பதில் நூறு ஆண்டுகளாக அதிக மாற்றம் இல்லை.

மலைநாட்டுக்கும் பெருநோய்களுக்கும் உள்ள உறவில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்க்கவென்றே 1861இல் ஹக்கலைத் தோட்டம் அமைக்கப்பட்டது. சில பத்தாண்டுகள் இம்மலைகளில் சிங்கோனா பெருவாரியாக வளர்ந்தது. விலை வீழ்ந்ததும் அதைப் பிடுங்கித் தேயிலையை நட்டார்கள். 1934-35இல் மலேரியா கேகாலை, குருநாகல், கண்டிப் பகுதிகளைச் சூறையாடி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனபோது, அந்தச் சிங்கோனா மலைகள் தேயிலை மலைகளாகி நெடுங்காலம் ஆகியிருந்தது. விலையை மட்டும் பார்த்து ஒரு மரத்தை வைப்பதும் பிடுங்குவதும் இங்கே பழைய பழக்கம். இன்று நகரத்தையொட்டிய காட்டுக் காணிகளைப் பேர்ச் கணக்கில் மதிப்பிடுபவர்களைக் காணும்போது எனக்கு அந்த வரலாறு நினைவுக்கு வருகிறது.

எதிர்வாதங்களையும் நான் அறிவேன். காட்டைத் திறந்தால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் நோய் பரவும் என்பார்கள். கூட்டம் சேர்வது இடம் குறைவாக இருப்பதால்தான். ஒரு வாயில் மட்டும் திறந்து ஒரு பாதையில் மட்டும் விட்டால் நெரிசல் வரும். பல வாயில்களைத் திறந்து, வட்டாரத்துக்கு ஒரு நேரம் என்று பிரித்து, பாதையை ஒருவழியாக்கினால் 104 ஹெக்டேயரில் ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படாது. அரச விற்பனை நிலையமான சதொசவுக்கு முன்னால் அடிக்கணக்கில் கோடு போட்டு மக்களை வரிசையில் நிறுத்தத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது பெரிய காரியம் அல்ல. காட்டில் சாராயம் குடிப்பவர்கள் இருப்பார்கள், பெண்கள் தனியே போக முடியாது என்பார்கள். உண்மை, அதற்கு விடை காவலும் நடமாட்டமும். அட்டை கடிக்கும் என்பார்கள். கடிக்கும். சவர்க்காரம் பூசிக்கொண்டு போகலாம்.

கனமான எதிர்வாதம் ஒன்றே ஒன்று: காடு சோறு போடாது. நாட்கூலி நின்றுபோன வீட்டில் முதலில் தேவைப்படுவது அரிசியும் பருப்பும், நிழல் அல்ல. இதை நான் மறுக்கவில்லை. நிவாரணத்துக்குப் பதிலாக நடைபாதையைக் கொடுங்கள் என்று எவராவது இம்மடலை மேற்கோள் காட்டினால் அது என் கருத்தைத் திரிப்பதாகும். ஆனால் பசித்தவருக்குச் சோறு மட்டும் போதும், மற்றவை எல்லாம் வசதி படைத்தவர்களின் தேவை என்று நினைப்பதும் ஒருவகை இழிவுபடுத்தல். அந்த மாதங்களில் அந்த அறைகளுக்குள் நடந்த சண்டைகள், அடிகள், பிள்ளைகளின் வெறித்த பார்வை, இரவெல்லாம் உறங்காமல் கிடந்த முதியவர்கள், இவற்றையெல்லாம் நிவாரணப் பொதியின் எடையில் கணக்கிட முடியாது.

வனவிலங்குகளிடமிருந்தே இத்தகைய நோய்கள் வருகின்றன, ஆகவே காட்டிலிருந்து விலகியிருப்பதே நல்லது என்ற ஓர் எண்ணமும் பரவலாக இருக்கிறது. விலங்கிலிருந்து மனிதருக்கு நோய் தாவும் வாய்ப்பு, காட்டைத் துண்டு துண்டாக வெட்டி, விலங்குகளை வீட்டுக் கூரைக்கும் குப்பை மேட்டுக்கும் விரட்டும் இடங்களில்தான் கூடுகிறது. குரங்குக்குப் பணிஸ் வீசும் பழக்கத்தைத் தடுப்பதும், காட்டோரத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்துவதும் இங்கே உண்மையான தடுப்பு நடவடிக்கைகள். அவை இரண்டும் உங்கள் சபையின் அதிகாரத்துக்குள் அடங்குபவை.

ஆகவே, சபை செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். துனுமடலாவ உங்கள் பொறுப்பில் இருப்பதால், எவரிடமும் அனுமதி கேளாமல் அங்கே தொடங்கலாம். நீர்த்தேக்கங்களைச் சுற்றிய பகுதியை இப்போது போலவே கண்டிப்பாகக் காத்துக்கொண்டு, அதற்கு வெளியே எத்தனை பேர் எந்தப் பாதையில் நடக்கலாம் என்பதை உங்கள் பிரதம மருத்துவ அதிகாரியும் வனத்துறை அறிந்தவர்களும் சேர்ந்து வரையறுத்து, நோய்க்கால ஒழுங்குவிதியாகச் சபையில் நிறைவேற்றுங்கள். உடவத்தகெலே உங்கள் நிர்வாகத்தில் இல்லை. வன பாதுகாப்புத் திணைக்களத்தோடு இதே விதமான உடன்பாடு ஒன்றை எழுத்தில் செய்துகொள்ளுங்கள். அங்கே நகரவாசிகளுக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கும் முதியோருக்கும், நோய்க்காலத்தில் நுழைவுச்சீட்டு இருக்கக் கூடாது என்றும் அதில் கேளுங்கள். மன்னர் காலத்தில் தடைவிதிக்கப்பட்ட காடு, மக்களாட்சிக் காலத்தில் கட்டணத்தாலும் பூட்டாலும் அதே நிலைக்குத் திரும்பக் கூடாது. அறிவித்தல் பலகைகள் மும்மொழியிலும் இருக்கட்டும். தமிழ்ப் பகுதியை அச்சிடுமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், பொதுப் பலகைகளில் எங்கள் மொழி படும் பாடு உங்களுக்கும் தெரியும்.

இரண்டாவது வேலை கடினமானது, ஆனால் அதுவே முக்கியமானது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, ஒவ்வொரு வீட்டுக்கும் 300 மீற்றர் தொலைவுக்குள் குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேயர் பசுமைவெளி இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. கண்டியில் வரைபடத்தின் 300 மீற்றர், முழங்கால் வலிக்கும் ஒரு மூதாட்டிக்கு இருநூறு படிக்கட்டுகளாகவும் இருக்கலாம். எனவே இங்கே தூரத்தை நாடாவால் மட்டும் அளக்காமல் ஏற்றத்தாலும் அளக்க வேண்டும். அரை ஹெக்டேயர் கிடைக்காத இடத்தில் பத்துப் பதினைந்து பேர்ச்சிலாவது தொடங்கலாம். நகரினூடே ஓடும் மெத எலக் கால்வாயின் கரைகளில் குப்பை சேரும் திட்டுகள், பயன்படாது கிடக்கும் சபைக் காணிகள், கட்டடம் எழுப்பத் தகாதவை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் சொல்லும் சரிவுகள் என்று இடங்கள் இருக்கின்றன. சரிவில் வேரூன்றிய மரம் மண்ணையும் பிடித்து வைக்கும் என்பது மழைக்காலத்தில் மலைநாட்டில் வாழ்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. நடுவதென்றால் யூகலிப்டஸும் பைனும் வேண்டாம். ஹந்தானைச் சரிவுகளில் பைனுக்குக் கீழே புல்லும் சருகும் தவிர வேறென்ன வளர்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வாருங்கள். நீரோரத்தில் மருது, மேட்டில் நாகமரமும் சண்பகமும் பலாவும் நாவலும் என்று இம்மண்ணின் மரங்களைக் கலந்து நட்டால், பறவைகள் தாமாகவே மிச்சத்தைக் கொண்டுவரும்.

அத்தகைய முதற் காடு மஹியாவவில் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மயானத்தின் ஓரத்திலேயே ஆனாலும் சரி. எங்கே, எவ்வளவு, பாதை எப்பக்கம், இரவில் விளக்கு வேண்டுமா என்பதையெல்லாம் அங்கே வாழும் பெண்களிடம் முதலில் கேளுங்கள். விளையாட்டு மைதானம் என்று தொடங்கி வாகனத் தரிப்பிடமாக முடியும் திட்டங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஒன்றைச் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். காட்டின் மதிப்பு தெரிந்துவிட்டது என்றவுடன் அதனை அழகுபடுத்தப் புறப்படும் ஓர் ஆர்வம் எங்கள் நிர்வாகங்களுக்கு உண்டு. சீமெந்துப் பாதை, வண்ண விளக்கு, கயிற்றுச் சவாரி, சிற்றுண்டிச்சாலை, ஒலிபெருக்கி, அதற்குப் பிறகு இவற்றின் செலவை ஈடுகட்ட நுழைவுக் கட்டணம். நோய்க்காலத்தில் மக்களுக்குத் தேவைப்பட்டது மண் பாதையும் உட்கார ஒரு கல்லும் குடிக்க நீரும் ஒரு கழிப்பறையும்தான். அதற்கு மேல் செலவிடும் பணம் இருந்தால், அது காவலாளிகளின் சம்பளத்துக்குப் போகட்டும்.

சபையின் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் முன்வைக்கப்படுவதற்கு முன்னர், துனுமடலாவக்கான நோய்க்கால ஒழுங்குவிதியையும் மஹியாவவில் ஒரு சிறு காட்டுக்கான காணி ஒதுக்கீட்டையும் இரண்டு தனித்தனித் தீர்மானங்களாக நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். ஒன்றோடொன்று பிணைத்தால், ஒன்று தாமதமாகும்போது மற்றதும் நின்றுவிடும். தீர்மானங்கள் நிறைவேறினாலும் நிராகரிக்கப்பட்டாலும், காரணங்களோடு அவற்றை மும்மொழியிலும் சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். நாங்கள் வந்து வாசித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கண்டி மாநகர வரியிறுப்பாளர் ஒருவர்